திமிங்கிலத்துக்கு ஒரு கண்ணீர் அஞ்சலி

அத்தியாயம் 4

திமிங்கிலம் செத்துப் போயிருந்தது. அதைக் காப்பாற்றப் பதவி எடுத்தவர்கள் எல்லாரும் நல்ல சுகத்தோடு இருந்தார்கள்.

கள்ளிமுனைக் கரையில் நான் ஓட்டோவை நிறுத்தியபோது புதன்கிழமை காலை பத்து மணி. நெளுக்குளத்திலிருந்து விடிய வெளிக்கிட்டது. சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது. முதல்நாள் பின்னேரம் பெக்கோ இயந்திரம் கொண்டுவந்து கிடங்கு வெட்டித் திமிங்கிலத்தைப் புதைத்திருந்தார்கள். நாற்றத்தைப் புதைக்க மறந்துவிட்டார்கள். நான் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கினேன்.

பின்சீற்றிலிருந்து இறங்கியவர் என் முதலாளி விமலேஸ்வரி அக்கா. இருபத்தாறு வருடம் தபால் கந்தோரில் திகதி முத்திரை குத்தியவர். ஓய்வெடுத்த பிறகு சும்மா இருக்க ஏலாமல் வீட்டுக் கேற்றில் 'தனியார் விசாரணை' என்று பலகை மாட்டினார். காணாமற்போன மாடு, களவுபோன தண்ணீர் மோட்டர், வெளிநாட்டு மாப்பிள்ளையின் உண்மையான வயது என்று வன்னி முழுக்க அவருக்கு வேலை. நான் செந்தூரன். ஓட்டோவும் என்னுடையது, வாயும் என்னுடையது. இரண்டாலும் தனக்கு உதவி உண்டென்று அக்கா ஒரு நாளும் ஒத்துக்கொண்டதில்லை.

"செந்தூரன், மூக்கில இருந்து கையை எடு. செத்த வீட்டுக்கு வந்திருக்கிறம்."

"செத்தவருக்கு எண்பது அடி அக்கா. மூக்குக்கும் ஒரு நியாயம் வேணும்."

கரையிலிருந்த மீன்வாடிக் கொட்டிலின் நிழலில் தயாளினி நின்றாள். எங்களைக் கூப்பிட்டவள் அவள்தான். அவளுடைய புருஷன் சுதாகரன் செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து பொலிஸ் காவலில் இருந்தான். திமிங்கிலத்தைக் கொன்றான் என்று வழக்கு.

"நாளைக்குக் காலமை கோட்டில நீதவானுக்கு முன்னால நிப்பாட்டப் போயினம் அக்கா. வள்ளத்தையும் இஞ்சினையும் கொண்டுபோட்டினம். பிணை இல்லையாம். இவர் உள்ளுக்குப் போனா எனக்கும் பிள்ளையளுக்கும் ஒண்டும் இல்லை."

அக்கா பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். தபால் கந்தோர்ப் பழக்கம். படிவம் இல்லாமல் அவருக்குக் காது கேளாது. தயாளினி கையெழுத்து வைத்தாள். 'வேறு குறிப்புகள்' என்ற இடம் வெறுமையாக இருந்தது. அக்கா அதில் குறுக்கே ஒரு கோடு இழுத்தார்.

"அதேன் அக்கா?" என்று தயாளினி கேட்டாள்.

"வெறும் இடம் விட்டா, பிறகு ஆராவது வந்து தங்கட விருப்பத்துக்கு எழுதிப்போடுவாங்கள். இப்ப சொல்லும், முதல்ல இருந்து."

தயாளினி சொன்னாள். ஞாயிறு கள்ளிமுனை அம்மன் பொங்கல். அன்றைக்குக் கரையில் ஒரு வள்ளமும் தண்ணீரில் இறங்காது, இறங்கவும் இல்லை. திங்கள் பின்னேரம் மூன்று மணிக்குத்தான் சுதாகரன் கடலுக்குப் போனான். பொழுதுபடுகிற நேரம் ஒரு நீலத் திமிங்கிலம் செத்து மிதப்பதைக் கண்டான். தன் வள்ளத்துச் சிவப்புத் துணியை அதன் வாலில் மூன்று சுற்றுச் சுற்றிக் கட்டிவிட்டு வந்தான். செவ்வாய் விடிய அது கரைக்கு வந்துவிட்டது. துணியும் கூடவே வந்துவிட்டது.

கடலில் மரக்கட்டையோ, பெட்டியோ, எது மிதந்தாலும் முதலில் கண்டவன் தன் துணியைக் கட்டிவிட்டு வர வேண்டும். இருட்டில் வருகிற வேறு வள்ளம் அதில் ஏறிக் கவிழக்கூடாது. கள்ளிமுனையில் இது பள்ளிக்கூடம் போகாதவனுக்கும் தெரியும். பள்ளிக்கூடம் போன மயில்வாகனத்துக்குத்தான் தெரியவில்லை.

மயில்வாகனம் யாரென்றால், கரையோர உயிரினக் காப்பு மன்றத்தின் தலைவர். செயலாளரும் அவர்தான், பொருளாளர் அவருடைய மச்சான். கரையிலிருந்து தொலைநோக்கியால் பார்த்தாராம். சுதாகரன் திங்கள் பின்னேரம் மூன்று மணிக்கு வள்ளம் இறக்கியதையும், பிறகு வெடி போட்டுத் திமிங்கிலத்தைக் கொன்றதையும், வயிற்றிலிருக்கும் விலைகூடிய அம்பரை எடுக்க வாலில் கட்டி இழுத்து வந்ததையும் கண்டாராம். முறைப்பாட்டில் அப்படித்தான் இருக்கிறதாம்.

"அம்பர் கிடைக்கிறது வேற சாதித் திமிங்கிலத்தில" என்றார் அக்கா. "நீலத் திமிங்கிலத்தில அம்பர் தேடுறது கோழியில பால் கறக்கிற மாதிரி. இது சுதாகரனுக்குத் தெரியாமலோ இருக்கும்?"

"வாலில மூண்டு சுத்துச் சுத்தி முடிச்சுப் போட்டிருக்கு" என்றேன் நான். "எங்கட வீட்டுப் பசு வாலில ஒரு சுத்துச் சுத்த விடாது. உயிரோட இருந்த திமிங்கிலம் 'கட்டு தம்பி' எண்டு வாலைக் காட்டிக்கொண்டு நிண்டதாமோ?"

"பொலிஸுக்குச் சொன்னவரோ?" என்று அக்கா தயாளினியைக் கேட்டார்.

"எல்லாம் சொன்னவர். இன்னும் ஏதோ சொல்ல வெளிக்கிட்டவர். எழுதினவர் பேனையை மூடிப்போட்டாராம்."

அக்கா திரும்பிக் கடற்கரையைப் பார்த்தார். புதைத்த மேட்டுக்கு முன்னால் இரண்டு கம்பு நட்டு ஒரு பனர் கட்டியிருந்தது. எங்கள் ஊரில் ஒருவர் செத்தால் சவப்பெட்டி வர முதல் பனர் வந்துவிடும். படம், தாமரைப்பூ, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, 'கண்ணீர் அஞ்சலி' என்ற எழுத்து. இந்தப் பனரிலும் எல்லாம் இருந்தது. நடுவில் திமிங்கிலம். கீழ் மூலையில் தொப்பி போட்டு, கைகூப்பியபடி மயில்வாகனம். திமிங்கிலத்தைவிட மயில்வாகனத்தின் தலை பெரிதாக இருந்தது.

"எண்பது அடி மிருகத்தைச் சின்னனாக்கி, ஐஞ்சரை அடி மனுசனைப் பெரிசாக்கி இருக்கிறாங்கள்" என்றேன். "பனர் எண்டால் இதுதான் அக்கா."

அக்கா என்னைக் கவனிக்கவில்லை. கண்ணாடியை மூக்கில் இறக்கி, பனருக்குக் கிட்டப் போய், யாரும் பார்க்காத இடத்தைப் பார்த்தார். படத்தின் இரண்டு பக்கமும் சின்ன எழுத்தில் தோற்றம், மறைவு என்று இருந்தது. தோற்றத்துக்கு ஒரு கேள்விக்குறி. மறைவுக்கு ஒரு திகதி.

"செந்தூரன், உந்தத் திகதி என்ன கிழமை?"

கைபேசியைப் பார்த்தேன். "ஞாயிறு அக்கா."

"சுதாகரன் கொன்றது எண்டைக்காம்?"

"திங்கள்."

"அப்ப செத்து ஒரு நாளால கொன்றிருக்கிறான். கெட்டிக்காரன்தான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. தயாளினி சிரிக்கவில்லை. பனரைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அச்சுப்பிழை எண்டு சொல்லிப்போடுவாங்கள் அக்கா" என்றாள்.

"சொல்லுவாங்கள். அதுக்குத்தான் நான் படத்தையும் பாக்கிறன். செந்தூரன், திமிங்கிலம் எப்பிடிக் கிடக்கு?"

பார்த்தேன். நீலக் கடல் நடுவில் திமிங்கிலம் இரண்டாக மடிந்து கிடந்தது. தலை ஒரு பக்கம் தொங்கியது, வால் மற்றப் பக்கம் தொங்கியது. "வேலியில காயப்போட்ட சாரம் மாதிரிக் கிடக்கு" என்றேன்.

"சாரம் கிடக்கு. வேலி எங்க?"

நான் பனருக்கு இன்னும் கிட்டப் போய்ப் பார்த்தேன்.

"படத்தை மேல நிண்டு எடுத்திருக்கிறாங்கள்" என்றார் அக்கா. "நடுக்கடலில பனையோ நிக்குது ஏறி நிண்டு எடுக்க? ஓட்டோவை எடு. உந்தப் பனரை அடிச்ச கடைக்குப் போவம்."

பனரின் அடியில் கடையின் பெயரும் தொலைபேசி எண்ணும் இருந்தன. புதுக்குடியிருப்பு. எங்கள் ஊரில் கொலைகாரன் பெயர் போடாமல் போவான், பனர் அடித்தவன் போடாமல் போக மாட்டான்.

*

புதுக்குடியிருப்புச் சந்தியில் பஸ்ஸால் இறங்கிய ரியூசன் பிள்ளைகள் வீதியை நிறைத்திருந்தார்கள். அவர்களுக்குள்ளால் ஓட்டோவை நெளித்துக்கொண்டு போய் 'நிரு டிஜிட்டல்' முன்னால் நிறுத்தினேன். சுவர் முழுக்கச் செத்தவர்களின் படம். எல்லாரும் கோட்டும் ரையும் போட்டிருந்தார்கள். உயிரோடு இருந்தபோது சாரத்தோடு இரணைமடுவில் மீன்பிடித்தவர்களுக்கும் இங்கே வந்த பிறகு கோட்டு கிடைத்திருந்தது.

கடைக்காரன் நிருஷனுக்கு முப்பது வயது இருக்கும். கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டான், "மறைவோ, பிறந்தநாளோ?"

"கள்ளிமுனைத் திமிங்கில விஷயம்" என்றார் அக்கா.

உடனே முகம் மாறியது. "வாடிக்கையாளரின்ர விஷயம் வெளியில சொல்ல மாட்டன். கடைக்கு ஒரு மரியாதை கிடக்கு."

"நல்ல பழக்கம்" என்று அக்கா கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். "நான் கேக்க வந்தது அது இல்லைத் தம்பி. எங்கட வீட்டிலையும் ஒரு வருடத் திவசம் வருது. பனர் அடிக்கவேணும். ஆனா உம்மட திமிங்கிலப் பனரைப் பாத்தனான், அவ்வளவு சரியில்லை."

நிருஷன் கணினியிலிருந்து திரும்பினான். "என்ன சரியில்லை?"

"படம் வெட்டினது வடிவில்லை. வயித்துக்குக் கீழ ஓரத்தில ஏதோ சிவப்புப் பிசிறு தெரியுது."

உண்மையில் பிசிறு ஒன்றும் இல்லை. நான் வானத்தைப் பார்த்தேன். கூரை இருந்தபடியால் கூரையைப் பார்த்தேன்.

"அம்மா, சும்மா கதையாதேங்கோ!" நிருஷனுக்குக் காது சிவந்தது. "உந்தப் படம் என்ன நிலையில வந்தது எண்டு தெரியுமோ? மூண்டு மணித்தியாலம் இருந்து வெட்டினனான். பின்னால கிடந்த சாமானை அழிச்சு, கடல் போட்டு, தாமரை வைச்சு… வேற ஆரெண்டாலும் அப்பிடியே அடிச்சுத் தந்திருப்பாங்கள்."

"பின்னால அப்பிடி என்ன கிடந்தது?"

"இந்தா பாருங்கோ, முதல் எப்பிடி, பிறகு எப்பிடி எண்டு!"

திரையில் ஒரு படம் வந்தது. அக்காவின் வேலி அதில் இருந்தது.

அது ஒரு கப்பலின் மூக்கு. தண்ணீர் மட்டத்தில் கொழுத்துப் புடைத்து, அடியில் சிவப்பு நிறம், பக்கத்தில் ஆழம் காட்டும் வெள்ளை இலக்கங்கள். அந்த மூக்கின் குறுக்கே திமிங்கிலம் மடிந்து கிடந்தது. மேலே தட்டில் நின்று யாரோ குனிந்து எடுத்த படம். கப்பலின் பெயர் பாதி தெரிந்தது. பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்னம், வாலைத் தூக்கித் துள்ளுகிற ஒரு சந்தோஷமான திமிங்கிலம். இடப்பக்கத் தண்ணீரில் ஒரு சின்னக் கறுப்பு இருந்தது. அலையென்று நினைத்தேன்.

"இந்தத் துள்ளுற திமிங்கிலத்தை எங்கையோ கண்டனான்" என்றேன்.

"மயில்வாகனத்தாற்ற தொப்பியில" என்றார் அக்கா. "பனரிலையே போட்டிருக்கிறார். நீலத்திசைக் கப்பல் கம்பனி. 'திமிங்கிலங்களின் தோழன்'. திமிங்கிலம் வாற இடத்தில மெதுவாப் போவம், கரையை விட்டுத் தள்ளிப் போவம் எண்டு பேப்பரில படத்தோட வாக்குக் குடுத்த ஆக்கள்."

"தோழன் மூக்காலையே கட்டிப்பிடிச்சிருக்கிறார்."

நிருஷன் ஒன்றும் விளங்காமல் எங்களைப் பார்த்தான். "நான் கப்பல் வடிவில்லை எண்டுதான் அழிச்சனான். செத்த ஆளுக்குப் பின்னால சாமான் கிடந்தா மரியாதை இல்லையே."

"மெத்தச் சரி தம்பி. படம் எப்ப வந்தது?"

இப்போது அவனுக்கு மரியாதையும் மறந்துவிட்டது, கடையும் மறந்துவிட்டது. கைபேசியை எடுத்துக் காட்டினான். திங்கள் காலை ஒன்பது பன்னிரண்டு. அனுப்பியவர் மயில்வாகனம். கீழே இவனுடைய கேள்வி: 'ஐயா, தோற்றம் மறைவு திகதி வேணும். இடம் வெறுமையா இருந்தா வடிவில்லை.' மறுமொழி: 'தோற்றம் தெரியாது. மறைவு நேற்று.'

திமிங்கிலம் கரைக்கு வந்தது செவ்வாய். சுதாகரன் கடலுக்குப் போனது திங்கள் பின்னேரம். இந்த மனிதர் திங்கள் காலை ஒன்பது மணிக்கே அஞ்சலிப் பனருக்குச் சொல்லிவிட்டார்! கள்ளன் காலடியை அழிப்பான், கைரேகையைத் துடைப்பான். எங்கள் ஆள் செத்த திகதியைச் சரியாகக் கொடுத்திருக்கிறார். அஞ்சலிப் பனரில் பொய்த் திகதி போட அவருக்கே மனம் வரவில்லை.

"செவ்வாய் துணியைக் கண்டோடனதான் சுதாகரனில பழியைப் போடுற யோசனை வந்திருக்கு" என்றேன். "அதுக்குள்ள பனர் அடிச்சு முடிஞ்சுது. பிறகாவது ஒருக்கா வாசிச்சுப் பாத்திருக்கலாம்."

"பாத்திருப்பார். தன்ர படத்தை மட்டும்."

"ஐயா நல்ல வாடிக்கை" என்றான் நிருஷன், கொஞ்சம் பயந்துபோய். "இண்டைக்குப் பின்னேரம் கள்ளிமுனை மீனவர் சங்கக் கட்டடத்தில அஞ்சலிக் கூட்டம். கம்பனியில இருந்து கொழும்பு ஆள் வருகுதாம். இன்னொரு பனரும் அடிக்கச் சொன்னவர். சின்னன். அது அவசரம் இல்லையாம்."

மூலையில் ஒரு சின்னச் சுருள் இருந்தது. அக்கா எழும்பிப்போய், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அதை அரைவாசி விரித்துப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு சுருட்டித் தன் பைக்குள் வைத்தார். என்னவென்று கேட்டேன். "பிறகு" என்றார். அவருடைய குரல் எனக்குப் பிடிக்கவில்லை. இத்தனை வருடப் பழக்கத்தில் அந்தக் குரலை இரண்டு தரம்தான் கேட்டிருக்கிறேன்.

"தம்பி நிருஷன்," என்றார், "இந்தப் படத்தை அழிக்காமல், வெட்டாமல், அதே அளவில இன்னொரு பனர் அடியும். அதே தாமரை, அதே குத்துவிளக்கு. உம்மட கைபேசியையும் கொண்டு நீரே வந்து கட்டவேணும்."

"ஐயா கோவிப்பார்…"

"ஒரு குடும்பக்காரன் நாளைக்கு மறியல் சிறைக்குப் போகப்போறான் தம்பி. நீர் அழிச்ச சாமான்தான் அவன்ர சாட்சி."

நிருஷன் சுவரிலிருந்த படங்களைப் பார்த்தான். பிறகு மெஷினைப் போட்டான்.

*

சங்கக் கட்டடத்தில் மூன்று மணிக் கூட்டம் நாலரைக்குத் தொடங்கியது. முன்வரிசைக் கதிரைகளுக்கு வெள்ளைத் துணி உறை. அதில் பொலிஸ் பொறுப்பதிகாரி, இரண்டு பத்திரிகைக்காரர், மயில்வாகனம், கம்பனியின் கடற்சூழல் அதிகாரி. அதிகாரி கொழும்பிலிருந்து கோட்டோடு வந்திருந்தார். நிருஷனின் சுவரிலிருந்து நேரே இறங்கி வந்தவர் போல இருந்தார். பின்னால் கதிரையில்லாத இடத்தில் கள்ளிமுனை மீனவர்கள் நின்றார்கள். அவர்களோடு தயாளினி.

மேடையில் நிருஷன் ஒரு பனரைச் சுருட்டி மேலே கட்டி, நூல் தொங்கவிட்டிருந்தான்.

"உள்ளுக்கும் ஒண்டோ?" என்று மயில்வாகனத்துக்கு வாயெல்லாம் பல். "நல்லது தம்பி, நல்லது. பிரதம விருந்தினர் இழுக்கட்டும்."

மயில்வாகனம் முதலில் பேசினார். கடல் எங்கள் தாய் என்றார். திமிங்கிலம் எங்கள் சகோதரி என்றார். அப்படிப் பார்த்தால் தாய்க்கும் மகளுக்கும் நடுவில் இவர் என்ன முறை என்று யோசித்தேன். கப்பல்களின் இரைச்சலில் திமிங்கிலங்கள் ஒன்றையொன்று கேட்க முடியாமல் தவிப்பதை உருக்கமாகச் சொன்னார். இரண்டு ஒலிபெருக்கியும் கிழிந்துகொண்டிருந்தன.

"அறியாமையால்" என்று முடித்தார், "எங்கள் மீனவச் சகோதரன் ஒருவன் இந்தப் பாவத்தைச் செய்துவிட்டான்."

பின்னாலிருந்து தயாளினி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அக்கா அவளுடைய கையைப் பிடித்தார்.

கோட்டு எழும்பி நூலை இழுத்தது. பனர் விரிந்தது.

தாமரைப்பூ. இரண்டு குத்துவிளக்கு. கண்ணீர் அஞ்சலி. நடுவில் சிவப்பு அடிவயிறுள்ள கப்பல், அதன் மூக்கில் மடிந்த திமிங்கிலம், துள்ளி விளையாடும் சின்னம்.

அந்தச் சின்னம் கோட்டின் நெஞ்சிலும் குத்தியிருந்தது. பத்திரிகைக்காரர் இருவரும் பனரைப் பார்த்தார்கள், நெஞ்சைப் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள்.

"உது பொய்ப் படம்! ஆற்ற வேலை?" என்று கத்தினார் மயில்வாகனம்.

"உங்கட ஓடர் ஐயா" என்றான் நிருஷன். "அழிக்காமல் அடிச்சிருக்கிறன். அவ்வளவுதான்."

அக்கா முன்னுக்கு நடந்து போனார். பொறுப்பதிகாரியைப் பார்த்து, "ஐயா, சுதாகரன் திங்கள் கொன்றதாச் சொல்லுற திமிங்கிலம் இது" என்றார். "இதைக் கொன்ற ஆயுதம் உதிலையே கிடக்கு. இருநூறு மீற்றர் நீளம்."

இந்த இடத்தில் கோட்டுக்காரர் தான் எதற்குச் சம்பளம் வாங்குகிறார் என்பதைக் காட்டினார். ஒரு கணம்தான் தடுமாறினார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு அமைதியாகப் பேசினார்.

"படம் உண்மை. நாங்கள் மறைக்கவில்லை. மீனவர் கொன்றுவிட்டு விட்ட உடல் மிதந்து வந்து எங்கள் கப்பலில் சிக்கியிருக்கிறது. எங்களுக்கும் இது வேதனை. செத்த திமிங்கிலத்தை ஒரு கப்பல் எப்படிக் கொல்ல முடியும்?"

கூட்டத்தில் சலசலப்பு. பொறுப்பதிகாரி தலையாட்டினார். தயாளினி தூணோடு சாய்ந்துவிட்டாள்.

அக்கா சிரித்தார். தபால் கந்தோரில் முத்திரை பிழையான கடிதத்தைத் திருப்பிக் கொடுக்கிறபோது இப்படித்தான் சிரிப்பாராம்.

"நல்ல விளக்கம். அப்ப உங்கட கப்பல் அதில முட்டினது சுதாகரன் கொன்றதுக்குப் பிறகு?"

"கட்டாயம்."

"சுதாகரன் வள்ளம் இறக்கினது திங்கள் பின்னேரம் மூண்டு மணிக்கு. அதை நான் சொல்லேல்லை, ஐயா மயில்வாகனம் தன்ர முறைப்பாட்டில எழுதியிருக்கிறார். தம்பி, அந்தக் கைபேசியைப் பொறுப்பதிகாரி ஐயாவிட்டைக் குடும். இந்தப் படம் கடைக்கு வந்தது திங்கள் காலமை ஒன்பது பன்னிரண்டுக்கு. 'மறைவு நேற்று' எண்டும் கிடக்கு. நேற்று எண்டா ஞாயிறு. ஞாயிறு கள்ளிமுனையில அம்மன் பொங்கல். ஒரு வள்ளமும் இறங்கேல்லை."

பின்னால் நின்ற மீனவர்கள் ஒரே குரலில் "ஓம்" என்றார்கள். அவ்வளவு நேரமும் அவர்களை ஒருவரும் ஒன்றும் கேட்டிருக்கவில்லை.

பொறுப்பதிகாரி கைபேசியை வாசித்தார். இரண்டாம் தரமும் வாசித்தார். பிறகு மெதுவாகக் கோட்டுக்காரர் பக்கம் திரும்பினார்.

"படம் உங்கட கப்பலில எடுத்தது. இவரிட்டை எப்பிடி வந்தது?"

"எனக்குத் தெரியாது" என்றார் கோட்டுக்காரர். "இந்த மனிதருக்கும் எங்கள் கம்பனிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. தொப்பி மட்டும் கொடுத்திருக்கிறோம்."

மயில்வாகனத்தின் முகம் கறுத்தது. பொய்யனென்று சொல்லியிருந்தால் அந்த மனிதர் தாங்கியிருப்பார். தொப்பி மட்டும் வாங்கியவர் என்றதைத் தாங்க முடியவில்லை.

"என்ன, தொடர்பில்லையோ?" என்று மேசையில் அடித்தார். "ஞாயிறு இரவு ஆர் எனக்குக் கோல் எடுத்தது? 'எங்கட கப்பல் வேகமா வந்து அடிச்சுப் போட்டுது, பின்னால எடுத்துத்தான் கழட்டி விட்டது, உங்கட கரைக்குத்தான் ஒதுங்கும், ஆற்றையாவது தலையில போட்டுப் பாத்துக்கொள்ளுங்கோ' எண்டு ஆர் சொன்னது? படத்தையும் நீங்கள்தானே…"

அதோடு நின்றார். தான் என்ன சொன்னார் என்பது அவருக்கே அப்போதுதான் கேட்டது. ஒலிபெருக்கி கடைசிச் சொல்லை ஒருதரம் திருப்பிச் சொன்னது.

*

வியாழன் காலை பதினொரு மணிக்குச் சுதாகரன் நீதிமன்ற வாசலுக்கு வந்தான். வழக்கை மீளப் பெற்றுவிட்டார்கள். வள்ளத்தைத் திருப்பிக் கொடுக்க உத்தரவு. மயில்வாகனத்திடம் அப்போதும் வாக்குமூலம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கோட்டுக்காரருக்கு நெஞ்சு வருத்தம் வந்துவிட்டதாம். பெரிய இடத்து நெஞ்சு எப்போதும் நல்ல நேரம் பார்த்துத்தான் நோகும்.

தயாளினி அழுதாள். சுதாகரன் அவளுடைய தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான். மூன்று நாள் தாடி. அக்காவைக் கும்பிட்டுவிட்டு அவன் கேட்ட முதல் கேள்வி வள்ளத்தைப் பற்றியது அல்ல.

"அக்கா, குட்டியைக் கண்டவையோ?"

"எந்தக் குட்டி?" என்றேன்.

"நான் துணி கட்டேக்குள்ள ஒரு குட்டி சுத்திச் சுத்தி நிண்டது. தாயைத் தலையால இடிச்சு இடிச்சு எழுப்பிப் பாத்தது. பால்குடி மறக்கிற வயசு இருக்கும். விட்டிட்டு வர மனம் வரேல்லை, அதுதான் சுணங்கினனான். பொலிஸில சொன்னனான் அக்கா. குட்டியெல்லாம் எழுதத் தேவையில்லை எண்டிட்டினம்."

படத்தின் இடப்பக்கத்தில் நான் அலையென்று நினைத்த சின்னக் கறுப்பு நினைவுக்கு வந்தது.

அக்கா பைக்குள் கைவிட்டுச் சின்னப் பனரை எடுத்து ஓட்டோவின் சீற்றில் விரித்தார்.

தாமரைப்பூ. குத்துவிளக்கு. கண்ணீர் அஞ்சலி. அந்தச் சின்னக் கறுப்பை வெட்டி எடுத்துப் பெருப்பித்து நடுவில் வைத்திருந்தார்கள். மங்கலாக ஒரு முதுகு, ஒரு கண். கீழ் மூலையில் கைகூப்பிய மயில்வாகனம். மறைவு என்ற இடத்துக்குப் பக்கத்தில் ஒன்றும் இல்லை.

"தாய் இல்லாமல் அது கனநாள் இருக்காது எண்டு கணக்குப் போட்டிருக்கிறார்" என்றார் அக்கா. "இரண்டு பனருக்கும் ஒரே தரமாச் சொல்லியிருக்கிறார். திகதி பிறகு போடலாமாம்."

தூ! எத்தனையோ அயோக்கியனைப் பார்த்திருக்கிறேன். உயிரோடு நீந்துகிற ஒன்றுக்கு அஞ்சலி அடித்து மூலையில் சுருட்டி வைத்தவனை அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன்.

சுதாகரன் பனரைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அந்தக் கப்பல் ஞாயிறுதோறும் உந்த வழியால போறது. எங்கட வலையை இரண்டு தரம் அறுத்திருக்கு. குட்டி அந்த இடத்தை விட்டு அசையாது அக்கா. தாயைத் தேடிக்கொண்டு அங்கதான் நிக்கும்."

"ஞாயிறுக்கு மூண்டு நாள் கிடக்கு" என்றார் அக்கா. "அந்தப் படமும் மயில்வாகனத்தார் நேற்றுக் கூட்டத்தில சொன்னதும் இண்டைக்கே துறைமுகத்துக்கும் பேப்பருக்கும் பதிவுத் தபாலில போகும். கப்பல் வேகத்தைக் குறைக்கட்டும், இல்லாட்டி இன்னும் தள்ளிப் போகட்டும். அவங்களுக்கு அரை நாள் பிந்தும். செத்தா போயிடுவாங்கள்? நீர் இப்ப என்ன செய்யப்போறீர்?"

"வள்ளத்தை எடுத்துக்கொண்டு போய்ப் பாக்கப்போறன். நிண்டா, மற்ற வள்ளக்காரருக்கும் சொல்லி மாறி மாறி நிப்பம். கப்பல்காரனுக்கு வள்ளங்கள் எண்டாலும் கண்ணுக்குத் தெரியும்தானே."

தயாளினி அவனைப் பார்த்தாள். மூன்று நாளாகக் காத்திருந்தவள், வீட்டுக்கு வா என்று சொல்வாள் என்று நினைத்தேன். "சாப்பிட்டிட்டுப் போங்கோ" என்று மட்டும் சொன்னாள்.

அக்கா பேனையை எடுத்தார். பனரின் மேல் குனிந்தார். மறைவு என்று இருந்த இடத்தில், திகதிக்கு விட்டிருந்த வெறுமைக்குக் குறுக்கே, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை அழுத்தி ஒரு கோடு இழுத்தார்.

"வெறும் இடம் விடக்கூடாது" என்றார். "ஓட்டோவை எடு செந்தூரன், பன்னிரண்டு மணிக்குத் தபால் கட்டிப்போடுவாங்கள்."